கொள்ளளவை ஓட்டத்தால் வகுக்க

ஷெப்பர்ட்டனில் மழை பெய்யாத ஜூன்.
காலை ஐந்தரைக்கு
இரண்டாம் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில்
பனி உறைந்து கிடக்கிறது.
கையுறையைக் கழற்றாமலே
ஒரு லீற்றர் உருளையில் அள்ளுகிறேன்
ஊரின் நேற்றை.

முப்பது நிமிடம். அசைக்கக் கூடாது.
சேறு அடியில் இறங்கும்,
தெளிந்தது மேலே நிற்கும்,
நடுவில் ஒரு கோடு விழும்.
அந்தக் கோடு எந்த இலக்கத்தில் நிற்கிறதென்று
எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு இருந்தது.
சொற்பட்டியல் பதினொரு பக்கம்.
ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில்
பென்சிலால் தமிழ் எழுதிப் படித்தேன்.

ரேர்பிடிற்றி, கலங்கல்.
தண்ணீருக்கும் கண்ணுக்கும் ஒரே சொல்.

ஃபுளொக், திரளை.
தனியே மிதக்கத் தெரிந்த துகள்கள்
ஒன்றையொன்று கண்டுபிடித்துக்
கனத்து இறங்குவது.

றெசிடுவல், எச்சம்.
காகம் போடுவது,
மனிதர் விட்டுப்போவது,
குழாய் முடிகிற கடைசி வீட்டிலும்
கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டிய குளோரின்.

டிற்றென்ஷன் ரைம்.
இதற்குப் பக்கத்தில் மட்டும்
ஒன்றும் எழுதவில்லை.
தமிழ் தெரியாமல் இல்லை.

பெண்டிகோவிலிருந்து கிரெட்டா ஹொலோவே வந்திருந்தாள்.
தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்தபடி
அதைத்தான் முதலில் கேட்டாள்.
தண்ணீர் தொட்டிக்குள் நுழைந்து
வெளியேறும்வரை உள்ளே இருக்கும் நேரம், என்றேன்.
எப்படிக் கணிப்பாய்?
கொள்ளளவை ஓட்டத்தால் வகுக்க வேண்டும்.
ஓர் உதாரணம்?
ஆயிரத்து இருநூறு கன மீற்றர்த் தொட்டி,
மணிக்கு முந்நூறு வெளியேறினால்
நான்கு மணித்தியாலம்.
மிக நன்று, என்று ஒரு சரி போட்டாள்.

இன்னோர் உதாரணமும் இருந்தது.
கொள்ளளவு: இருபத்தெட்டுக் கட்டில்.
ஓட்டம்: முதல் வருடம் இரண்டு பேர்.
அடுத்த வருடம் ஒருவர்,
அவரும் அம்புலன்ஸில்.
அதற்கடுத்த வருடம் ஒருவருமில்லை.
பூச்சியத்தால் வகுத்தால் விடை கிடையாது
என்று பள்ளிக்கூடத்தில் எழுதியதுதான்.
அதற்குள் படுத்து எழும்பிப் பார்த்தது
அங்கேதான்.

அவள் அதைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பிஸ்கட் பாதியில் உடைந்து
கோப்பைக்குள் விழுந்தது.

இதற்கு வேறு பெயர் உண்டா?
றெசிடென்ஸ் ரைம், என்றேன்.
ஆம், இரண்டும் ஒன்றுதான்,
சிலர் அப்படிச் சொல்வார்கள்,
சிலர் இப்படி.

தடுப்புக் காலம். வதிவுக் காலம்.
ஒரே சூத்திரம். ஒரே விடை.
ஒன்றிலிருந்து மற்றதற்கு வர
எனக்கு ஏழு வருடமும் ஐந்து மாதமும்.
இன்னும் வந்து முடியவில்லை,
அட்டையில் தற்காலிகம் என்றுதான் இருக்கிறது.
இவளோ
கரண்டியால் பிஸ்கட்டைத் தேடிக்கொண்டே
கடந்துவிட்டாள்.

அடுத்தது, திருப்பி அனுப்பும் சேறு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இரவு வேலைக்காரன் ரஹ்மதுல்லா
அந்தப் பம்பை முடுக்கும் போதெல்லாம்
வந்த இடத்துக்கே போ, என்று கத்துவான்.
சுப்பர்மார்க்கெட் வாசலில்
அவனுக்கு யாரோ சொன்னது.
சேறும் போகும்.
அடியில் கிடந்து பசித்த சேறு
முதல் தொட்டிக்குத் திரும்பிப் போய்ப்
புதிதாய் வருகிற அத்தனையையும் தின்னும்.
அதைத் திருப்பாமல் விட்டால்
இந்த ஆலை சில நாள் தாங்காது,
ஆறு நாறிவிடும், என்றேன்.
அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை, என்றாள் கிரெட்டா.
ஆனாலும் ஒரு சரி.

இன்று திங்கள்.
முப்பது நிமிடம் முடிந்துவிட்டது.
கோடு இருநூற்று நாற்பதில்.
நிறம், கபிலம். நுரை இல்லை.
மணம் என்ற கட்டத்தில்
மண் என்று எழுதுகிறேன்.
நல்ல சேறு அப்படித்தான் மணக்கும்,
யாரும் நம்பமாட்டார்கள்.

உருளையை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து,
அசையாமல் இருந்ததற்கு நன்றி சொல்லி,
தொட்டிக்குள் கவிழ்க்கிறேன்.
கம்பியில் பனி சொட்டத் தொடங்குகிறது.